கடைமடைக்காரர்களின் விசுவாசம்

"அத்தை, ஜெபம் பண்ணிட்டேன். பண்ணி முடிச்சா பயம் போகணும்ல? போகலையே. அப்ப எனக்கு விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா?"

என் அண்ணன் மகள் ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் கேட்டது இது. படிப்பை முடித்துவிட்டாள். கேம்பஸில் வேலையும் கிடைத்தது. ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் ஹாஸ்டல் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறாள். ஜாயினிங் தேதி மட்டும் வருவேனா என்கிறது. கேட்டால் 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்' என்று ஒரு மெயில் வருகிறது. இந்தப் பக்கம் வீட்டில் கல்யாணப் பேச்சு. இதற்கு நடுவில் அவள் போகும் ஜெபக்குழுவில் ஓர் அக்கா, "நீ சந்தேகப்படுறதாலதான் தடை வருது" என்று சொல்லிவிட்டாராம். வேலை வராததைவிட இந்தப் பேச்சுதான் பிள்ளையை அதிகம் உலுக்கியிருக்கிறது.

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியோடு இருப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள் என்பதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் நான் இருக்கும் ஊரைச் சொல்ல வேண்டும். பூம்புகார். காவிரி கடலில் சேரும் இடம். எதிர்காலத்துக்கு உத்தரவாதம் தேடுகிறவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய ஊர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் அப்பா மாநாய்கன், கோவலனின் அப்பா மாசாத்துவான், இருவருமே பெரும் வணிகர்கள். கிரேக்கரான தாலமி தன் நூலில் இந்தத் துறைமுகத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. அத்தனை சரக்கும் அத்தனை கப்பலும் வந்துபோன நகரத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. இன்று கரையில் சிலப்பதிகாரக் கலைக்கூடமும், அலையடிக்கு அணையாகக் கொட்டிய கருங்கல்லும், சுண்டல் விற்பவர்களும்.

யாக்கோபு தன் நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில் வணிகர்களைப் பார்த்துத்தான் பேசுகிறார். இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், வியாபாரம் செய்வோம், லாபம் பார்ப்போம் என்று கணக்குப் போடுகிறவர்கள். புகார் வணிகர்களுக்கே எழுதியது போல எனக்குத் தோன்றும். அவர்களைப் போகாதே என்றோ வியாபாரம் செய்யாதே என்றோ அவர் சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தம் என்ற ஒன்றை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார், அவ்வளவுதான். நம் வீட்டுக் கல்யாணங்களில் இதை ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறோம். பத்திரிகையில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று அச்சடிக்கிறோம். அதற்காக மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காமலா இருக்கிறோம்? சமையல்காரரிடம் பந்திக்கு இத்தனை இலை என்று சொல்லாமலா விடுகிறோம்? கல்யாணத்தில் பிடிபட்ட இந்த விஷயம், வேலை, வியாதி, பிள்ளை வரம் என்று வரும்போது மட்டும் ஏனோ நழுவிவிடுகிறது. அங்கே மட்டும் முன்கூட்டியே முடிவு தெரிய வேண்டும் நமக்கு.

அதனால்தான் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைக்கு அவ்வளவு கூட்டம். தட்டு பக்கத்தில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவுகிறோம். நல்ல வசனமாக வந்தால் பர்ஸில் வைக்கிறோம். கண்டிப்பான வசனம் வந்தால் பக்கத்தில் இருப்பவருடையதை எட்டிப் பார்க்கிறோம். பிரித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தில் நம் முகத்தை யாராவது படம் எடுத்தால், கிளி ஜோசியக்காரர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அட்டையைக் குறை சொல்லவில்லை. என் பைபிளுக்குள்ளும் நாலைந்து இருக்கின்றன.

அந்தத் தட்டில் தவறாமல் இருக்கும் ஒன்று எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளையே கர்த்தர் வைத்திருக்கிறார் என்னும் பொருள்பட வரும் வசனம். விசா இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் நீட் எழுதுகிறவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று ஒரு கணக்கு இருப்பதை எந்த அட்டையும் அச்சடிப்பதில்லை. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். எழுபது வருஷம் என்றால், அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாருமே ஊர் திரும்பப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் வேண்டுமானால் திரும்பலாம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டத்தின் முன்னால் அடித்துச் சொல்கிறார். யாருக்குக் கைதட்டல் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொய் சொன்னது அந்த இரண்டு வருஷக்காரர்தான்.

சரி, எழுபது வருஷம் என்று சொல்லிவிட்டு அதுவரை என்ன செய்யச் சொல்கிறார் எரேமியா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல என்று 2,600 வருஷத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் ஊருக்குச் சொல்லிவிட்டுத் தான் சும்மா இருந்த ஆளும் இல்லை. 32-ம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை நிற்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். பெரியப்பா மகன் வந்து ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்கிறாயா என்கிறான். எதிரி கையில் போகப்போகிற ஊரில் யாராவது நிலம் வாங்குவார்களா? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையெழுத்துப் போடவைத்து, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்திருந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று. பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று வாழும் டெல்டாக்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விசுவாசத்தை விளக்க முடியாது. அந்த நிலத்தில் அவர் ஒரு நாளும் உழுததாக வேதத்தில் இல்லை.

வேதத்தில் உள்ளவர்கள் கதை வேறு, நம் கதை வேறு என்று நினைக்கிறீர்களா? பூம்புகாரிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போங்கள். தரங்கம்பாடி. அங்கே 1706 ஜூலை 9-ல் 24 வயதுகூட முழுதாக ஆகாத பர்த்தலமேயு சீகன்பால்கு என்ற மிஷனரி வந்து இறங்கினார், கூடவே சக மிஷனரி புளூட்சாவ். அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். ஆனால் அதே டென்மார்க்கின் கோட்டையில் இருந்த ஆளுநருக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. தங்க இடம் காட்டக்கூட ஆளில்லை. பாஷை தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதித் தமிழ் படித்தார். அடுத்த வருஷமே ஒரு சிறு ஆலயம் எழும்பியது. அதே வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்துவிட்டார்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்குகிறார். நவம்பரில் ஆளுநர் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்! ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப் போய் வளர்ந்த தகராறு. நாலு மாசம் சிறை. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711-ல் முடித்தார். முடித்தாயிற்று, அச்சடிக்க வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் கப்பலேறுகிறது. கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மீட்டு அனுப்பினால், இயந்திரம் வந்து சேர்கிறது, அதை ஓட்ட அனுப்பிய அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோகிறார். கோட்டைச் சிப்பாய் ஒருவருக்கு அச்சுத்தொழில் தெரிந்திருந்ததால் வேலை நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிய பெரியதாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் காகிதம் கட்டாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத் தகடுகளை உருக்கி வார்த்தார்கள். காகிதத்துக்குப் பொறையாறு பக்கம் ஒரு பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் நடந்தது. கோபன்ஹேகனில் இந்த ஊழியத்தைக் கவனிக்க ஒரு குழு இருந்தது. அதன் செயலாளர் கிறிஸ்டியன் வென்ட். அவருக்கு இந்தக் கட்டடம், பள்ளிக்கூடம், செலவுக் கணக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஊழியக்காரன் என்றால் அப்போஸ்தலர்களைப் போலக் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராய்ப் போய்ச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது அவர் கட்சி. கடுமையான கடிதங்கள் எழுதினார். சீகன்பால்கின் உடம்பு ஏற்கனவே முடியாமல் இருந்த நேரத்தில் அந்தக் கடிதங்கள் வந்தன.

வென்ட் சொன்னதைக் கேட்கும்போது ரொம்ப ஆவிக்குரியதாகத்தான் இருக்கிறது. நம் ஜெபக்குழுக்களில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஏற்பாடு பண்ணினால் அவிசுவாசம், இன்னொரு கம்பெனிக்கு அப்ளை பண்ணினால் சந்தேகம், மாத்திரை போட்டால் நம்பிக்கைக் குறைவு. ஆனால் அப்போஸ்தலர் வழி என்று சொன்னவர் இருந்தது கோபன்ஹேகன் அலுவலகத்தில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தவர் தரங்கம்பாடியில். யார் தேவனை நம்பினார்கள் என்று என்னைக் கேட்டால், வேலை முடியுமா என்று தெரியாமலே ஈயம் உருக்கியவரைத்தான் சொல்வேன்.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ல் இறந்தார். வயது 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்து நின்றுபோயிருந்தது. முந்தின வருஷம்தான் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடித்துப் பிரதிஷ்டை ஆகியிருந்தது. ராஜ வீதியில் அரசரின் முத்திரையோடு நிற்கும் அந்த ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். அவர் காலத்தில் 1718-ல் ஞானஸ்நானம் பெற்ற கடலூர் இளைஞர் ஆரோன், 1733-ல் போதகராக அபிஷேகம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர். விட்டுப்போன மொழிபெயர்ப்பை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பின்னால் நடந்த இதெல்லாம் நமக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தவருக்கு அது எதுவும் தெரியாது. அவர் கையில் இருந்ததெல்லாம் திட்டிய கடிதங்களும் பாதியில் நின்ற மொழிபெயர்ப்பும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்று ஆகும். முடிவு தெரிந்த கதையைச் சொல்லி 'பார்த்தியா, விசுவாசித்தார், நடந்தது' என்று முடித்துவிடுவது சுலபம். எங்கள் கரையில் அப்படி முடித்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள், சுனாமி. அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணியில் பூசைக்கும் நேர்த்திக்கும் என்று வந்தவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். அவர்களும் ஜெபித்துவிட்டு வந்தவர்கள்தானே? அந்த நாட்களில் இது இன்ன பாவத்துக்குத் தண்டனை என்று பேசியவர்களை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது இதே பேச்சு வந்தது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். லூக்கா 13-ல் இருக்கிறது. அதற்குமேல் நாம் பேச ஒன்றுமில்லை.

ஆகவே தேவனை நம்புவது விபத்துக் காப்பீடு கிடையாது. நம்பினால் கெட்டது வராது என்று வேதம் எங்கேயும் எழுதித் தரவில்லை. வந்தாலும் உன்னைக் கைவிடமாட்டேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் முதல் அடி விழுந்ததும் சபைக்கு வருவதை நிறுத்துகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தவறான வாக்கைக் கொடுத்தது நாம்.

சரி, பயத்தை வைத்துக்கொண்டு எப்படி நாளைக் கடத்துவது? எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் இங்கே எட்டிப் பார்க்கும். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணையை 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். ஊரே குதூகலித்தது. அதே வருஷம் நவம்பர் 11-ல் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி, சம்பா மூழ்கியது. 2023-ல் ஜூன் 12-ல் சரியாகத் திறந்தார்கள், தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் மதகே உயர்ந்தது. மூன்று வருஷம், மூன்று விதம்.

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு மேலையூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. தண்ணீர் வரும் நாள் நிச்சயமில்லாத வருஷங்களில் நாற்றங்காலுக்குக் காத்திராமல் புழுதி விதைப்பு போடுவார். காய்ந்த மண்ணில் நேரடியாக விதைத்துவிட்டு மழைக்கோ வாய்க்காலுக்கோ காத்திருப்பது. விதை மூட்டையைப் பிரிக்கும்முன் அதன்மேல் கையை வைத்து ஜெபம் பண்ணுவார், நீளமாக இல்லை, அரை நிமிஷம். ஆனால் மூட்டையில் இருப்பது சி.ஆர். 1009 சப்-1. மூழ்கினாலும் பத்து நாளுக்கு மேல் தாங்கும் ரகம். பார்த்து வாங்கியிருப்பார். விதைத்த கையோடு வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருவார். ஜெபமும் பண்ணிட்டு இன்சூரன்ஸும் கட்டுறீங்களே என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "மழை அவர் வேலைம்மா. வரப்பு என் வேலை. என் வேலையை அவர்கிட்ட தள்ளிவிட்டா அதுக்குப் பேரு விசுவாசமா?" என்றார். அவர் ராத்திரியில் தூங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். பயம் இருந்தது. விதைப்பும் நடந்தது.

இப்போது என் அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஜெபித்தும் பயம் போகவில்லை என்றால் விசுவாசம் இல்லையா? கெத்செமனேயில் இயேசு ஒரே ஜெபத்தை மூன்று தரம் பண்ணினார். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். வியர்வை இரத்தத் துளி போல விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். பயமே இல்லாததுதான் விசுவாசம் என்றால், அந்த ராத்திரியை என்ன சொல்வது? அவர் பயத்தை மறைக்கவும் இல்லை, பயத்துக்கு அடங்கிப் போகவும் இல்லை. பிதாவிடம் அதை அப்படியே சொல்லிவிட்டு, எழுந்து நடந்தார்.

ஆகவே மகளே, பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லு. அழகான வார்த்தை தேவையில்லை. அப்புறம் எழுந்து இன்னும் நாலு கம்பெனிக்கு அப்ளை பண்ணு. அந்த ஆஃபர் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் உன் வாழ்க்கை அதில் முடிந்துபோகாது. வாடகை முடை என்றால் எங்களிடம் கூசாமல் கேள். காகத்தின் மூலம் எலியாவுக்குச் சாப்பாடு அனுப்பியவர் அத்தையின் ஜிபே மூலமும் அனுப்புவார். கல்யாணப் பேச்சுக்கு அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். யாராவது 'இன்னும் மூணு மாசத்துல நடந்துடும்னு கர்த்தர் சொன்னார்' என்று உறுதி சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. அதை நம்பி லோன் எடுக்காதே.

கடைசியாகச் சபைகளில் இருக்கும் ஐயர்மாருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில் விசா வந்தவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தவர்கள் எழுந்திருக்கிறார்கள். சந்தோஷம், கைதட்டுவோம். ஆனால் வராதவர்களும், முடியாதவர்களும், இன்னும் காத்திருக்கிறவர்களும் அதே பெஞ்சுகளில்தான் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவரையாவது கூப்பிட்டு மைக்கைக் கொடுங்கள். "எனக்கு இன்னும் வரலை, என்ன ஆகும்னு தெரியலை, ஆனா இந்த வாரமும் நம்பித்தான் வந்திருக்கேன்" என்று அவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் கேட்க வேண்டிய சாட்சி அது. அதைக் கேட்டு வளர்ந்திருந்தால் என் அண்ணன் மகளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.